ஒரு சாண் அண்டம்

ஒரு நாகரிகம் எழுகிறதா, வீழ்கிறதா என்பதைக் கோட்டைகளும் கோபுரங்களும் சொல்வதில்லை. புத்தக அலமாரிகளே சொல்கின்றன. நாளை இந்த மண்ணைத் தோண்டப்போகும் வரலாற்றாசிரியன், முதலில் நம் அலமாரிகளின் முன்தான் மண்டியிடுவான்.

இந்த மகத்தான வாக்கியங்களை உதிர்த்தபோது எழுத்தாளர் அண்டவாணனே மண்டியிட்டுத்தான் இருந்தார். கோவை திருவளர் புத்தக மாளிகையின் இரண்டாவது மாடியில், தையற்காரரிடம் இரவல் வாங்கிய இஞ்ச் டேப்பை அலமாரியின் கீழ்த்தட்டில் பிடித்தபடி குனிந்திருந்தார். அவருடைய பின்புறம் கழிவறைக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அவர் பேச்சைக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கும் நாகரிகத்தின் வீழ்ச்சியைவிட அவசரமான வேலை இருந்தது.

"கொஞ்சம் நகருங்ணா."

அண்டவாணன் நகர்ந்து வழிவிட்டார். டேப்பைச் சுருட்டினார். போன வாரம் அவருடைய பிரிவுக்கு இரண்டு சாண் இடம் இருந்தது. இன்று ஒன்றரை.

அந்தச் சுவரில் இருந்தது ஒரே அலமாரி. இடப்பக்கம் அறிவியல் புனைகதை, வலப்பக்கம் மாயக்கதை. வேற்றுக்கிரகமும் விண்கலமும் இந்தப் பக்கம். மந்திரவாளும் சாபம் பெற்ற இளவரசனும் அந்தப் பக்கம். நடுவில், மேலிருந்து கீழ்வரை, கட்டைவிரல் தடிமனில் ஓர் எஃகுப் பலகை தண்டவாளத்தில் நின்றது. அதன் பெயர் துலாம். எந்தப் பிரிவை வாசகர்கள் விரும்புகிறார்களோ அந்தப் பிரிவுக்கு இடம் கொடுத்துத் தானே நகர்ந்துகொள்ளும். யாரும் தள்ள வேண்டாம், யாரும் முடிவெடுக்க வேண்டாம், யாரும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். எழுத்தாளர்கள் கைதட்டினார்கள். அவரவர் பிரிவு மற்றவர் பிரிவை விழுங்கப்போகிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

துலாம் வருவதற்கு முன்னால் வேறு முறை இருந்தது. ஊழியர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், தலைப்பைப் படிப்பார்கள், தோன்றிய இடத்தில் வைப்பார்கள். அந்தக் காலத்தில்தான் அண்டவாணனின் 'செவ்வாயில் ஒரு வேலைநிறுத்தம்' மூன்று பதிப்புகள் கண்டது. செவ்வாய்க் கிரகத்துச் சுரங்கக் கூலிகளின் போராட்டத்தைச் சொல்லும் அந்த நாவலைக் கடைக்காரர்கள் ஜோதிடப் பிரிவில், தோஷ பரிகார நூல்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு வரன் தேடும் தாய்மார்கள் வாங்கிப்போனார்கள். நாவலை முழுதும் படித்த பிறகு மகளுக்கு நல்ல இடம் அமைந்ததாக ஓர் அம்மா போன் செய்து நன்றி சொன்னார். மேடைகளில் அண்டவாணன் அதை 'என் எழுத்து வாழ்வை மாற்றியதாகச் சொன்ன ஒரு வாசகி' என்று குறிப்பிடுவார். எப்படி மாற்றியது என்று சொல்லமாட்டார்.

அவருடைய இயற்பெயர் ரங்கராசு. தொலைபேசித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இணைப்பு ஏன் துண்டிக்கப்பட்டது என்று விசாரித்தே பணிக்காலத்தைக் கழித்ததால், எந்தத் துண்டிப்புக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருப்பான் என்பது அவருடைய உறுதியான கருத்து.

"நவநீதன், இது சதி," என்றார்.

நவநீதன் கடை முதலாளியின் மருமகன். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவன். துலாமைக் கொண்டுவந்தது அவன்தான். அதைப் பற்றிப் பேசும்போது, முதல் வகுப்பில் பரிசு வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தகப்பன் மாதிரி ஆகிவிடுவான்.

"என்னங்ணா சதி?"

"பலகை நகர்ந்திருக்கு. மறுபடியும் எங்க பக்கந்தான்."

"அது தானா நகர்றதுங்ணா. நாங்க யாரும் தொடறதே இல்ல."

"தானா நகர்றதுன்னு ஒண்ணு இயற்பியல்லயே கிடையாது. ஒரு விசை இருந்தாகணும். அந்த விசைக்குத் தீனி போடறது யாருன்னுதான் கேக்கறேன்."

"வாசகருங்கதானுங்க. தரையில உணர்விக இருக்குது. எவ்வளவு நேரம் நிக்கறாங்க, எந்தப் புத்தகத்த எடுக்கறாங்க, பக்கத்தப் புரட்டறாங்களா, சும்மா புடிச்சுட்டு நிக்கறாங்களான்னு தெரியும். மேல கேமரா. கண்ணு வரியில ஓடுதா, மூச்சு மாறுதா, அதையும் பாத்துக்கும். வாங்குனாத்தான் கணக்குன்னு இல்லீங்க. மனசு எங்க நிக்குதோ அங்கதான் எடம்."

"மனசு!" என்று அண்டவாணன் சிரித்தார். "சரி. எழுத்தாளனே வந்து தன் புத்தகத்துக்கு முன்னால நின்னுட்டான்னு வெய்யி?"

"அது சுழிங்ணா. பின்னட்டையில போட்டோ இருக்குதில்லீங்க? ஆளத் துலாமுக்குத் தெரியும். தன்ற புத்தகத்தத் தானே தொட்டா எண்ணாது."

இது அண்டவாணனுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய பின்னட்டைப் படம் தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்தது. துலாம் வந்த புதிதில் அதற்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அது பெரிய அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்தை மாதக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டார். தினமும் வந்து தன் நாவலைத் தானே ஆழ்ந்து படித்தார். அறிவியல் புனைகதை நாலு சாண் வரை வளர்ந்தது. அப்புறம் ஒருநாள் நவநீதன், "வாசகர் சந்திப்புக்குப் புதுசா ஒரு போட்டோ குடுங்ணா" என்று வாங்கிக்கொண்டான். வாசகர் சந்திப்பு நடக்கவேயில்லை. சதியின் முதல் அத்தியாயம் அந்தப் போட்டோதான் என்பது அவர் முடிவு.

"அடுத்தவங்க புத்தகத்த எழுத்தாளரு எடுத்தா?"

"அது வாசிப்புதானுங்களே. எண்ணும்."

"எந்த எழுத்தாளன் அடுத்தவன் புத்தகத்தப் படிப்பான்?" என்றார் அண்டவாணன். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் நவநீதன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லோணும்ங்ணா. ஒரு சாணுக்குக் கீழ போச்சுன்னா பலகை பூட்டிக்கும். பிரிவே போயிரும். புத்தகமெல்லாம் கீழ கிடங்குக்கு."

"தொறக்க முடியாதா?"

"தொறந்தா அப்பறம் அதுக்கு என்னங்ணா மரியாத?"

அப்படிப் போன பிரிவுகள் உண்டு. முதலில் போனது சங்க இலக்கியம். முதல் மாடியில் சுவர் நிறைய இருந்தது, சில வாரங்களில் சாணளவாகி மறைந்தது. கண்டித்து நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், நிற்க இடமில்லை. தமிழ் இருக்கும்வரை அந்த நூல்கள் இருக்கும் என்று பேசினார்கள். பேசிய யாரும் கடைக்கு வந்திருக்கவில்லை என்பது துலாமுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தத்துவப் பிரிவின் முன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்ற பேராசிரியர்களை அது நம்பவில்லை. கவிதை மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. போட்டித் தேர்வு நூல்கள் மட்டும் அறை அறையாகப் பரவின.

இதில் அண்டவாணனுக்கு என்ன நஷ்டம்? பதினோரு வருடம். 'ஈர்ப்பின் இறுதி ஊர்வலம்' என்ற நாவலை அவ்வளவு காலமாக எழுதி, போன தை மாதம் முடித்திருந்தார். பூமியின் ஈர்ப்புவிசை மெல்லக் குறைந்து, மனிதர்கள் வீட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு வாழப் பழகும் கதை. பதிப்பாளர் சென்னியப்பன் அதை வாங்கி மேசையில் வைத்தார், படித்ததாகத் தெரியவில்லை.

"அண்ணா, பச்சையாச் சொல்றேன்," என்றார் சென்னியப்பன் போனில். "திருவளர்ல எடம் இருந்தா அச்சுக்குப் போலாம். மத்த கடைக்காரனெல்லாம் திருவளரப் பாத்துத்தான் எடம் ஒதுக்கறான். அங்க பிரிவே இல்லைன்னு வெச்சுக்குங்க, நான் அச்சடிச்சு எங்கீங்க கொண்டு வெப்பேன்? என்ற ஊட்டுக் கட்டலுக்குக் கீழயா?"

"காலத்தை வென்று நிற்கும் நாவல் அது, சென்னியப்பன்."

"காலத்தை வெல்லட்டுமுங்க. மொதல்ல அந்தப் பலகைய வெல்லச் சொல்லுங்க."

ஆக, அந்த ஒன்றரைச் சாண் இடம்தான் பதினோரு வருடம். அண்டவாணன் விசாரணையில் இறங்கினார்.

சந்தேகத்துக்குரிய முதல் ஆள் தெளிவாக இருந்தார். பல் மருத்துவர் மரகதவடிவு. சாயிபாபா காலனியில் கிளினிக். பகலில் பல் பிடுங்குவார், மிச்ச நேரத்தில் ராஜ்யங்களைப் பிடுங்குவார் என்று அண்டவாணன் சொல்வதுண்டு. அவருடைய 'ஈயக் கிரீடம்' ஐந்து பாகம் வெளிவந்து, ஆறாவது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண் தளபதி, நஞ்சூட்டப்பட்ட ராணி, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் ஆடு. பேசும் வெள்ளாடு. பெயர் செம்மி. போர்க்களத்தில் தளபதிக்கு யோசனை சொல்லும்.

"ஆடு எப்படிங்க பேசும்?" என்று அண்டவாணன் ஒரு மேடையில் கேட்டார். "ஆட்டின் குரல்வளை அமைப்பு என்ன, நாக்கின் வடிவம் என்ன என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? இதைப் படிப்பவன் யார்?"

படிப்பவன் யார் என்பதுதான் இப்போது விசாரணையின் மையம். டாக்டரம்மா ஆள் வைத்து நிற்க வைக்கிறார் என்பது அவருடைய கருதுகோள். பல் வலியோடு வருகிறவனிடம், "போயி என்ற அலமாரிக்கு முன்னால கொஞ்ச நேரம் நில்லு, கட்டணத்தக் கொறச்சுக்கறேன்" என்று சொன்னால் எவன் நிற்கமாட்டான்? எனவே கன்னம் வீங்கிய வாசகர்களைத் தேடுவது என்று முடிவு செய்தார்.

தினமும் காலை கடை திறந்ததும் வந்துவிடுவார். எங்கே நின்று கண்காணிப்பது? இடப்பக்கம் நின்றால் தூண் மறைத்தது. வலப்பக்கம் நின்றால் இரண்டு பிரிவும், படிக்கட்டும், லிஃப்டும் தெரிந்தன. ஆனால் சும்மா நின்றால் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். கையில் ஒரு புத்தகம் வேண்டும். முகத்தை மறைக்கும் அளவுக்குத் தடிமனானது வேண்டும். வலப்பக்கத்தில் அவ்வளவு தடிமனாக இருந்தது 'ஈயக் கிரீடம்' முதல் பாகம்தான். விசாரணைக்காக அதை எடுத்தார்.

வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாலும் சந்தேகம் வரும் என்பதால் பக்கத்தைப் புரட்டினார். எதிரியின் பலவீனங்களைக் குறித்துக்கொள்வதும் விசாரணையின் ஒரு பகுதிதான் என்பதால் வரிகளையும் பார்த்தார். மூன்றாம் பக்கத்திலேயே ஒரு பிழை கிடைத்தது: நிலவு தேய்பிறையில் உதிக்கும் நேரம் தப்பு. உற்சாகமாகிவிட்டது. இன்னும் பிழைகள் இருக்கும் என்று மேலே போனார்.

தினமும் ஒரே பாகத்தைப் பிடித்திருந்தால் ஊழியர்கள் ஏதாவது நினைப்பார்கள் என்பதால் இரண்டாம் பாகத்துக்கு மாறினார். அதே காரணத்துக்காக மூன்றாம் பாகம். கன்னம் வீங்கிய ஒருவர்கூட வரவில்லை. வந்தவர்களும் மாயக்கதைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேர்வு நூல்களின் பக்கம் போய்விட்டார்கள். அது அண்டவாணனின் சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது. யாருமே நிற்கவில்லை, பலகையோ நகர்கிறது என்றால், சதி அவர் நினைத்ததைவிடப் பெரியது.

விசாரணையின் நடுவில் ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது. நான்காம் பாகத்தைப் பிடித்து நின்றிருந்த ஒருநாள், நேரே நவநீதனிடம் போனார். முகம் சிவந்திருந்தது.

"மேல ஏ.சி. ஒழுகுது. பாரு, புத்தகத்துல சொட்டிருச்சு."

நவநீதன் பதறிப்போய் மெக்கானிக்கை வரவழைத்தான். மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, கழற்றிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குதுங்களே" என்றார். அண்டவாணன் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பலகை இடப்பக்கம் இன்னும் இரண்டு விரல்கடை வந்திருந்தது.

ஐந்தாம் பாகத்தின் பாதியில் அவர் அந்தக் காட்சியைக் கண்டார். புத்தகத்துக்கு மேலே கண்ணை உயர்த்தியபோது, அலமாரியின் இடக்கோடியில், தூணுக்குப் பின்னால், ஒரு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஒரு பெண்மணி நின்றிருந்தார். புத்தகம் 'செவ்வாயில் ஒரு வேலைநிறுத்தம்'. அதன் மேல்விளிம்பில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

டாக்டர் மரகதவடிவு.

"என்ன பண்றீங்க எங்க பிரிவுல?" அண்டவாணன் பாய்ந்தார்.

"நீங்க என்னங்க பண்றீங்க எங்க பிரிவுல?"

"நான் விசாரணை பண்றேன்."

"நானுந்தான். நீங்க தெனமும் என்ற அலமாரிக்கு முன்னால நிக்கறீங்கன்னு என்ற நர்ஸம்மா பாத்துட்டு வந்து சொல்லுச்சு. புத்தகத்த மறைச்சு வெக்கறீங்களா, பக்கத்தக் கிழிக்கறீங்களான்னு பாக்கலாம்னு வந்தேன். மத்தியானத்துல கிளினிக்ல கூட்டமில்ல."

"நானா கிழிக்கறேன்? நீங்கதான் ஆள் வெச்சு நிறுத்தறீங்க."

"ஆளா? என்ற தங்கச்சியே மொதல் பாகத்த இன்னும் முடிக்கலீங்க."

அண்டவாணன் அவர் கையிலிருந்த தன் நாவலைச் சந்தேகமாகப் பார்த்தார். "எத்தன நாளா இத வெச்சுட்டு நிக்கறீங்க?"

"ஒரு வாரமா."

"எத்தன பக்கம் ஆச்சு?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். நோயாளியிடம் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லும் முன் தயங்குவதுபோல. "முன்னுரையில நிக்கறேனுங்க. 'பிரபஞ்சத்தின் மௌனம்'னு ஆரம்பிக்குதில்ல, அதுல."

அதாவது முதல் வரியில்.

அண்டவாணனுக்கு உறைத்தது, ஆனால் தவறான இடத்தில் உறைத்தது. வாசித்தால்தான் பலகை நகரும். அப்படியானால் அறிவியல் புனைகதையைக் காப்பாற்ற ஒரே வழி, படை திரட்டி வந்து வாசிப்பது.

மேற்கு மண்டல அறிவியல் புனைகதைப் பேரவை என்று ஒன்று இருந்தது. அண்டவாணனையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் நிர்வாகிகள். தலைவர் பேராசிரியர் வரதராசு, செயலாளர் தங்கமுத்து, பொருளாளர், துணைகள், இணைகள். உறுப்பினர் என்று யாரும் இல்லை. அவசரக் கூட்டம் போட்டு, 'விண்ணைக் காக்கும் வாசிப்புப் பெருநாள்' என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திருவளருக்கு வந்து நின்று வாசிப்பது. பதிப்பாளர் சென்னியப்பன் முன்னிலை வகிப்பது. பலகை வலப்பக்கம் நகர்வதை வரலாறு பதிவு செய்வது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். பேராசிரியர் வரதராசு பொன்னாடையோடு வந்திருந்தார். யாராவது போர்த்த மறந்துவிடுவார்கள் என்று வீட்டிலிருந்தே போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். சென்னியப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் மரகதவடிவும் வந்திருந்தார், மோசடி ஏதும் நடக்கிறதா என்று பார்க்க. நவநீதன் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தான்.

பேரவை அலமாரியை நெருங்கியது. ஏழு கைகள் நீண்டன. ஏழு புத்தகங்கள் வெளியே வந்தன. ஏழு தலைகள் குனிந்தன. ஆழ்ந்த மௌனத்தில், நெஞ்சுருக, வாசிப்பு தொடங்கியது.

பலகை அசையவில்லை.

வெகு நேரம் கழித்து நவநீதன் தொண்டையைச் செருமினான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆளாளுக்கு அவங்கவங்க புத்தகத்தத்தான் எடுத்திருக்கறீங்க."

ஏழு பேரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கை தானாகப் போன இடம் அது.

"அதெல்லாம் சுழிங்க. துலாம் எண்ணாது. மாத்தி மாத்திப் படிங்க."

பிறகு, பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சாப்பாட்டைச் சாப்பிடச் சொன்னதுபோல, புத்தகங்கள் கைமாறின. பேராசிரியர் வரதராசு தங்கமுத்துவின் நாவலை விரித்தார். தங்கமுத்து பேராசிரியரின் சிறுகதைத் தொகுப்பை விரித்தார். அண்டவாணனுக்குப் பொருளாளரின் 'குவார்க் காதல்' வந்தது. பலகை ஒரு முறை சிலிர்த்து, ஓர் எள்ளளவு வலப்பக்கம் நகர்ந்தது.

"நகருது! நகருது!" என்றார் தங்கமுத்து.

கைதட்டல் எழுந்தது. அத்துடன் நின்றது. இரண்டாம் பக்கத்தில் பேராசிரியர் கொட்டாவி விட்டார். கொட்டாவி ஒருவரிடமிருந்து ஒருவராகப் பரவியது. ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். ஒருவர் 'ஆழமான எழுத்து, வீட்டுல போய் நிதானமாப் படிக்கணும்' என்று புத்தகத்தை வைத்துவிட்டார். துலாம் எல்லாவற்றையும் பார்த்தது. நகர்ந்த எள்ளளவையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

"என்னய்யா இது?" என்றார் சென்னியப்பன். "நீங்க எழுதறத நீங்களே படிக்கமாட்டீங்களா?"

"இது இயந்திரக் கோளாறு," என்றார் பேராசிரியர். "அல்லது திட்டமிட்ட சதி."

"சதிதான்," என்றார் அண்டவாணன். "இந்தப் பக்கம் ஏழு பேர் நிக்கறோம், ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் ஆளே நிக்கறதில்ல, தினமும் வளருது. இப்பவே நிரூபிக்கிறேன். யார் நின்னாலும், அந்தப் பக்கம் நின்னா அது நகரும். வேணும்னே அப்படிச் செஞ்சு வெச்சிருக்காங்க. பாருங்க."

வலப்பக்கம் போய் நின்றார். செய்துகாட்ட ஒரு புத்தகம் வேண்டும். கை தானாகப் போய் ஐந்தாம் பாகத்தை எடுத்தது. விரல் தானாக நடுப்பக்கத்தைத் திறந்தது. தளபதி பாலத்தில் தனியே நிற்கிறான். எதிரே ராணியின் படை. அன்று விட்ட இடம். "இப்ப பாருங்க, நான் சும்மாதான் நிக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே வரியைப் பார்த்தார். அடுத்த வரியைப் பார்த்தார்.

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அண்டவாணன் பக்கத்தைப் புரட்டினார். எதற்காக வந்தோம் என்பதை அவர் மறந்துவிட்டது அவர் உதடு அசைவதிலிருந்து தெரிந்தது. எண்ணெயிட்ட கதவு மாதிரி, சத்தமே இல்லாமல், பலகை இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. பேரவையின் ஏழாவது நிர்வாகி படித்துக்கொண்டே நின்றார். மற்ற ஆறு பேரும் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணா," என்றான் நவநீதன் மெதுவாக.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்டவாணன்.

'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பலகை பூட்டிக்கொண்டது.

அவர் தலை நிமிர்ந்தார். சென்னியப்பன் எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். பேராசிரியர் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தார். டாக்டர் மரகதவடிவு மட்டும் அசையாமல் அண்டவாணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை. எக்ஸ்ரேயில் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு பல்லைக் கண்டவரின் பார்வை அது.

மறுநாள் அறிவியல் புனைகதை கிடங்குக்குப் போனது. பேரவை அண்டவாணனை நீக்கியது. ஒருவர் போனதும் பதவிகள் அதிகமாகிவிட்டன. பேராசிரியரே துணைத் தலைவர் பதவியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். 'ஈர்ப்பின் இறுதி ஊர்வலம்' ஒரு காக்கி உறையில் திரும்பி வந்தது.

அண்டவாணன் கடைப்பக்கமே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, துலாமை யார் வடிவமைத்தார்கள், அவர்களுக்கும் பல் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் அழைப்புமணி அடித்தது. வாசலில் டாக்டர் மரகதவடிவு.

"உள்ள வரலாமுங்களா?"

"எதுக்கு? வெற்றி விழாவுக்குக் கூப்பிடவா?"

டாக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "என்ற அலமாரியும் சுருங்குதுங்க. இடப்பக்கம் நீங்க இருந்த எடத்துல இப்பத் தேர்வு நூல் வந்துருச்சு. தெனமும் தள்ளுது. இப்ப ரெண்டு சாண்தான் இருக்குது."

"உங்களுக்குத்தான் ஆயிரக்கணக்குல வாசகர்கள் ஆச்சே."

"அப்பிடித்தானுங்க நானும் நெனச்சேன். மேடையில கையெழுத்து வாங்கறாங்க, செல்ஃபி எடுக்கறாங்க. நவநீதன் சொல்றாரு, கடையில மொதல் பாகத்துக்கு மேல நின்னு படிச்சவங்க ஒரே ஒருத்தருதானாம். யாருன்னு பேரு சொல்லமாட்டாராம், வாசகர் ரகசியமாம்." கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகினார். "சொல்ல வேண்டியதில்லீங்களே. நான்தான் பாத்தேனே."

அண்டவாணன் சுவரில் மாட்டியிருந்த விருதுகளைப் பார்த்தார். "நான் பிழை கண்டுபிடிக்கத்தான் படிச்சேன். தேய்பிறை நிலா உங்களுக்கு மாலையில் உதிக்குது. அது நடக்காது."

"மாத்திக்கறேனுங்க. ரெண்டாவது பதிப்பு வந்தா." அந்த 'வந்தா'வில் டாக்டரின் குரல் இறங்கியது. "நீங்க திரும்பி வரோணும் சார். தெனமும் வேண்டாம், வாரத்துல நாலு நாளாவது. நீங்க வந்தா என்ற பக்கம் நிக்கும். சென்னியப்பன்கிட்டப் பேசிட்டேன். உங்க நாவல மாயக்கதைப் பக்கம் வெச்சா அவரு அச்சடிக்கத் தயார்."

"மாயக்கதையா? என் நாவலா? அதில் வரும் ஒவ்வொரு சமன்பாடும் சரிபார்க்கப்பட்டது!"

"சனங்க கூரையில முட்டிட்டுப் பொழைக்கறாங்கதானுங்களே? நம்ம பக்கத்துல சேந்துக்கும்."

"அதை யார் படிப்பாங்க?"

"நான் படிக்கறேன்."

"முன்னுரையிலயே நின்னுட்டீங்க."

"முன்னுரைய எடுத்துருங்க," என்றார் டாக்டர்.

சமையலறையில் அண்டவாணனின் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டார். அது சிரிப்பை அடக்கியதால் நேர்ந்ததா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. வெகு நேரம் யோசித்தார். இந்த அம்மாள் உண்மையிலேயே உதவுகிறாரா, இதற்குப் பின்னால் வேறு திட்டம் இருக்கிறதா, ஆறாம் பாகத்தை விற்க இது ஒரு தந்திரமா? ஆறாம் பாகம் என்றதும் யோசனை நின்றது.

"ஒரு விஷயம்," என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "விசாரணைக்காகத்தான் கேக்கறேன். நாலாம் பாகத்துல அந்த ஆடு. ஆத்துல போச்சே. ஆறாம் பாகத்துல அது திரும்பி வருதா?"

"செம்மியா? செத்துருச்சுங்களே. எப்பிடிங்க வரும்? செத்தது வராதுன்னு நீங்கதானே மேடையில சொல்லுவீங்க, அறிவியல்படி?"

"அறிவியல்படி ஆடு பேசவும் பேசாது," என்றார் அண்டவாணன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். "பேச வெச்சீங்க இல்ல? அப்ப வரவும் வெக்கலாம்."

டாக்டர் மரகதவடிவு அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, பார்க்கிறேன் என்று தலையசைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் அண்டவாணன் திருவளருக்குப் போனார். முன்னுரை இல்லாத 'ஈர்ப்பின் இறுதி ஊர்வலம்' மாயக்கதைப் பக்கத்தில், மந்திரவாள்களுக்கு நடுவில், முதுகைக் காட்டி நிற்கப்போகும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அவர் வந்ததைப் பார்த்து நவநீதன் ஓடி வந்தான்.

"வாங்ணா, வாங்ணா. அந்த நாலாம் பாகத்துக்குப் பதிலா வேற பிரதி போட்டாச்சுங்க. பழசுல பக்கம் ரெண்டு நனஞ்சு ஒட்டிக்கிச்சு, அந்த ஆடு ஆத்தோட போற எடத்துல. ஆமாங்ணா, ஏ.சி. இப்ப ஒழுகலீங்களே?"

"இல்ல, இப்ப பரவாயில்ல," என்றார் அண்டவாணன்.

ஏ.சி. என்றைக்குமே ஒழுகியதில்லை.